நாற்பது வயதில் பாலே: நாலு பேர் கேட்டதும் நான் சொன்னதும்

லண்டனில் ஹாரோ பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். 39 வயதில் பாலே என்ற ஐரோப்பிய நடனத்துக்கான வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து வருடம் ஆகிறது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் ஒரு கேள்வி வரும். சிரித்தவர்களிலேயே சிலர் ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, குரலைத் தாழ்த்தி, "நானும் வந்தா சேர்த்துக்குவாங்களா?" என்று கேட்டதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் ஆசிரியை இல்லை, கடைசி வரிசையில் நிற்கிற மாணவி. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு, அதுவும் ஒன்றுமே தெரியாத பெரியவர்களுக்கு, தனி வகுப்புகள் நடக்கின்றன. 1920-ல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ், 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே 'சில்வர் ஸ்வான்ஸ்' என்ற பெயரில் வகுப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. அந்தக் கணக்கில் நாற்பது வயதுக்காரி சின்னப் பிள்ளை.

மேடைக் கலைஞர் ஆக முடியுமா என்றால், முடியாது. உலகப் புகழ்பெற்ற பாலே கலைஞர் ருடால்ஃப் நூரியெவ் 1955-ல் லெனின்கிராடு பாலே பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு 17 வயது. அதுவே ரொம்பத் தாமதம். இத்தனைக்கும் அவர் ஊரில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர். ஆனால் நாற்பதில் பாட்டு வகுப்பில் சேர்கிற யாரும் மார்கழியில் கச்சேரி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சேர்வதில்லையே. இதுவும் அப்படித்தான்.

முதல் வகுப்பில் என்ன நடக்கும்?

என் முதல் வகுப்பு ஒரு சர்ச் ஹாலில். வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று சாவியைத் திருகியபோது, என்னைவிட வயதான ஒரு அம்மா பிளாஸ்டிக் பையோடு உள்ளே போனார். அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

வகுப்பு 'பார்' என்ற கட்டையைப் பிடித்துக்கொண்டு தொடங்கும். குடிக்கிற பார் இல்லை. "வியாழக்கிழமை ராத்திரி பார்ல இருந்தேன்" என்று ஆபீஸில் ஒருமுறை சொல்லிவிட்டு அதற்கு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. இடுப்புக்குச் சற்று மேல் உயரத்தில் ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு முதலில் பிளியே, அதாவது முழங்கால் மடக்கி இறங்கி ஏறுவது. பிறகு தாந்தூ: பாதத்தைத் தரையில் தேய்த்தபடியே நீட்டி, விரல்நுனி வரை கொண்டுபோய்த் திரும்ப இழுப்பது. பிறகு காலால் தரையில் அரைவட்டம் வரைவது, காலை மெதுவாகத் தூக்குவது, வேகமாக வீசுவது. இதற்கே பாதி நேரம் போய்விடும். அப்புறம் கட்டையை விட்டு நடு ஹாலுக்கு வந்து, கைகளோடு சேர்ந்த மெதுவான அசைவுகள், சுற்றுவது, சின்னத் தாவல், கடைசியில் பெரிய தாவல்.

ஒரு முக்கியமான விஷயம். கூச்சத்தில் நான் கட்டையின் கடைசி முனையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர். அவர்களைப் பார்த்துப் பார்த்து ஒப்பேற்றினேன். ஒரு பக்கம் முடிந்ததும் ஆசிரியை "மறுபக்கம்" என்றார். எல்லோரும் அப்படியே திரும்பினார்கள். கடைசியில் நின்ற நான் இப்போது முதல் ஆள். எனக்கு முன்னால் ஒரு ரேடியேட்டரும் சுவரும்தான். அதனால் சொல்கிறேன்: நடுவில் நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்க்க ஒருவர் இருப்பார்.

இன்னொன்று, உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும். தாந்தூவில் விரல்களை இறுக்கி மடக்குவதால் வருவது இது. காலைக் கீழே வைத்து மிதித்துவிட்டுத் தொடருங்கள். சில மாதங்களில் விரலை மடக்காமல் நீட்டக் கால் பழகிவிடும்.

முடிவில் ஆசிரியருக்கும், பியானோ வாசிப்பவர் இருந்தால் அவருக்கும், குனிந்து வணக்கம் சொல்லி முடிப்பார்கள். நம் பரத வகுப்பு நமஸ்காரம் மாதிரிதான். அந்த இடம் வந்ததும் எனக்கு என்னவோ பழகின வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.

எல்லோரும் என்னையே பார்ப்பார்களே?

பார்க்க மாட்டார்கள். ஹாலில் அவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கிறது. அவரவர் அவரவர் காலைப் பார்க்கவே நேரம் போதாது. உங்களைப் பார்ப்பவர்கள் ஹாலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

அந்த உடையைப் போட்டே ஆகணுமா?

இல்லை. பெரியவர்களின் தொடக்க வகுப்பில் பெரும்பாலும் லெக்கிங்ஸும் உடம்போடு ஒட்டின டி-ஷர்ட்டும் போதும். ஆசிரியைக்கு முழங்கால் எந்தத் திசையில் போகிறது, இடுப்பு சாய்கிறதா என்பது தெரிய வேண்டும். தொளதொளவென்று போட்டால் தெரியாது. ஒட்டின உடைக்குக் காரணம் அதுதான். கூச்சமாக இருந்தால் மேலே முட்டிவரை வரும் மெல்லிய பாவாடை ஒன்றைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஷால் வேண்டாம், கட்டையில் மாட்டும். தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். சடை போட்டுப் போனால் சுற்றும்போது பக்கத்திலிருப்பவர் முகத்தில் அடிக்கும். அடித்திருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து எனக்கே தைரியம் வந்து, கறுப்பு நிறத்தில் ஒரு லியோடார்ட், அதாவது உடம்போடு ஒட்டின ஒற்றை உடை, வாங்கினேன். முழுக்கைதான். துவைத்து உலர்த்தியிருந்ததை மாமியார் எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "நீச்சலுக்கா போறே?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைவாக இருந்தது.

அதைவிடப் பெரிய பிரச்சினை மெட்டி. இதை எந்தப் பாலே புத்தகத்திலும் பார்க்க முடியாது. கேன்வாஸ் ஷூவுக்குள் இரண்டாம் விரலில் மெட்டி இருந்தால், குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கும்போது அது பக்கத்து விரலில் பதியும். முதலில் அதன்மேல் பிளாஸ்திரி சுற்றிப் பார்த்தேன். விரல் சிவந்து வீங்கியதுதான் மிச்சம். இப்போது வகுப்புக்கு முன் கழற்றிச் சில்லறைப் பர்ஸில் போட்டு, முடிந்ததும் காரில் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறேன். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு ஊக்கு குத்திக்கொள்கிறேன், இல்லையென்றால் தாவும்போது தாடையில் அடிக்கும். கழற்றுவதும் கழற்றாததும் உங்கள் வீட்டு விஷயம். தொங்கும் நகைகள் வேண்டாம் என்று ஆசிரியர்கள் சொல்வது யாரும் காயப்படாமல் இருக்கத்தான்.

ரோஸ் நிறக் காலுறை நமக்குப் பொருந்துமா?

பொருந்தாது, பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. பாலேயில் ரோஸ் நிறம் வந்ததே வெள்ளைத் தோலோடு சேர்ந்து கால் ஒரே கோடாகத் தெரியத்தான். நம் காலில் அது இடுப்போடு உடம்பை இரண்டாக வெட்டிக் காட்டும். நியூயார்க்கில் ஆர்தர் மிட்செல் 1969-ல் தொடங்கிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் குழுவினர், 1970-களிலேயே தங்கள் தோல் நிறத்திலேயே காலுறையும் ஷூவும் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அப்போது கடையில் அப்படி ஷூ கிடைக்கவில்லை. கறுப்பினக் கலைஞர்கள் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனை வாங்கி ஷூவின் மேல் தடவி நிறம் மாற்றிக்கொண்டார்கள். லண்டனின் ஃப்ரீட் ஷூ கம்பெனி, பாலே பிளாக் நடனக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறங்களில் பாயின்ட் ஷூ (விரல்நுனியில் நிற்பதற்கான ஷூ) கொண்டுவந்தது 2018-ல்தான். என்ன சொல்ல!

நான் கறுப்பு லெக்கிங்ஸும் கறுப்பு ஷூவும் போடுகிறேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

குண்டாக இருக்கிறேன். முதலில் எடை குறைத்துவிட்டு வரட்டுமா?

வேண்டாம். அப்படிக் காத்திருந்தவர்கள் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. கட்டைப் பயிற்சிக்கு எடை தடையே இல்லை. தாவும்போது மட்டும் மூட்டில் பாரம் அதிகம் விழும். அந்த இடத்தில் தாவாமல், குதிகாலைத் தூக்கி இறக்கினால் போதும். நல்ல ஆசிரியை தானாகவே இந்த மாற்றைச் சொல்வார். உங்கள் உடம்பைப் பற்றி விமர்சனம் செய்கிற ஆசிரியை கிடைத்தால், அடுத்த வாரம் வேறு வகுப்புக்குப் போய்விடுங்கள். நான் போயிருக்கிறேன்.

சின்ன வயதில் பரதம் கற்றேன். உதவுமா?

உதவும், உபத்திரவமும் செய்யும். நான் இரண்டு வருடம் கற்றேன். பெரியமனுஷி ஆனதும் அப்பா நிறுத்திவிட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து முதல் பிளியே செய்தபோது, உடம்பு தானாக அரைமண்டியில், அதாவது முழங்கால் மடக்கிப் பாதி இறங்கி நிற்கும் பரத நிலையில், உட்கார்ந்துகொண்டது. ஆசிரியை வந்து, "ஏன் அங்கேயே தங்கிவிட்டீர்கள்?" என்றார். வித்தியாசமே அதுதான். அரைமண்டி ஒரு இருக்கை. அங்கே இருந்துகொண்டுதான் தட்டுகிறோம். பிளியே ஒரு ஊஞ்சல்; இறங்கும்போதே ஏறுவதற்கான நினைப்பு இருக்க வேண்டும். பரதத்தில் பாதம் முழுதாகத் தரையில் சப்தத்தோடு விழும். பாலேயில் சப்தம் வந்தால் தப்பு. முழங்கை, விரல், கழுத்து எல்லாமே வேறு. என் கை இன்னும் கேட்காமலேயே பரதத்தின் பதாக முத்திரை பிடிக்கிறது.

உதவுவது எது என்றால், கால்களை இடுப்பிலிருந்து பக்கவாட்டில் திருப்பி வைக்கும் பழக்கம், தாளம், வரிசையை மனப்பாடம் செய்யும் பழக்கம். பெரியவர்களுக்கு உண்மையான கஷ்டம் காலில் இல்லை, ஞாபகத்தில்தான். ஆசிரியை எட்டு எண்ணிக்கைக்கு நாலு அசைவு சொல்லி, "தயாரா?" என்பார். அந்த நொடியில் எல்லாம் மறந்துபோகும். நான் அதற்கு வாய்க்குள் பரதத்தின் தாளச் சொற்களில் சொல்லுக்கட்டு போட்டுக்கொள்கிறேன். ஃபிரெஞ்ச் பெயர்களை விட 'தெய்யா தெய்'தான் எனக்கு நிற்கிறது.

நம் கலை இருக்க, வெள்ளைக்காரன் ஆட்டம் எதற்கு?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரு குடும்ப விழாவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "என்ன, இனி காலைத் தலைக்கு மேல தூக்கப் போறீங்களோ?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அப்போது சிரித்துச் சமாளித்தேன். பதில் இப்போது சொல்கிறேன்.

பரதக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1904-ல் மதுரையில் பிறந்தவர். 1920-களின் கடைசியில் ரஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவருடைய குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். அப்போது ருக்மிணி தேவிக்கு இருபதுகளின் நடு வயது, கல்யாணம் ஆனவர். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று பாவ்லோவாதான் தூண்டினார். அதன்பிறகுதான் அவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் கற்றார்; பரதத்தின் பழைய பெயர் அது. அடையாறில் 1935-ல் முதல்முறை மேடையேறியபோது வயது 31. நல்ல குடும்பத்துப் பெண் ஆடுவதா என்று மதராஸே பேசியது. அடுத்த வருடம் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். ஆக, இன்று 'நம் கலை' என்று எனக்கு எடுத்துக் காட்டப்படுகிறவரே வயது வந்தபின் பாலே படித்தவர், ஊர் வாயில் விழுந்து எழுந்தவர்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தச் சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பெண்களைச் சமூகம் எப்படி நடத்தியது, 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்தோடு அவர்கள் கையிலிருந்து மேடை எப்படிப் போனது என்பது தமிழர்களுக்குத் தெரியும். இன்று பாலே பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கதை வேறு. ஓப்பராவில் ஆடிய சின்னப் பெண்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வருடச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு மேடைக்குப் பின்னால் வந்து அவர்களைச் சந்திக்கும் உரிமை இருந்தது. 1881-ல் ஓவியர் எட்கர் டெகா காட்சிக்கு வைத்த பதினாலு வயது ஆட்டக்காரியின் சிலை உலகப் புகழ் பெற்றது. அதற்கு நின்ற மரி வான் கூத்தெம் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். சிலையைப் பார்த்த விமர்சகர்கள் முகமே அசிங்கம் என்று எழுதினார்கள். ஆடுகிற பெண்ணைப் பற்றி நாலு பேர் பேசுவது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை.

ஆண்கள் வரலாமா?

தாராளமாக. 1661-ல் நடனத்துக்கென்று அகாடமி தொடங்கிய பிரெஞ்சு மன்னர் பதினாலாம் லூயி, தானே மேடையில் சூரியனாக வேஷம் கட்டி ஆடியவர். பாரிஸ் ஓப்பரா மேடையில் தொழில்முறைப் பெண் கலைஞர்கள் ஆடத் தொடங்கியதே 1681-ல்தான். அதுவரை பெண் வேடமும் ஆண்களுடையது. நம் நட்டுவனார்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் ஆண்களுக்கு ஆகாது என்ற பேச்சு எவ்வளவு புதியது என்று தெரியும்.

எங்கள் வகுப்பில் இரண்டு ஆண்கள். ஒருவர் பஸ் டிரைவர், முதுகு வலிக்காக வந்தவர். தாவும்போது எங்கள் எல்லோரையும்விட உயரம் போவார். ஆண்களுக்கென்று உள்ளாடை தனியாக உண்டு. டான்ஸ் பெல்ட் என்று கேட்டு வாங்கவும், வெட்கப்பட வேண்டாம்.

முழங்கால் தாங்குமா?

பாதத்தை வலுக்கட்டாயமாகப் பக்கவாட்டில் திருப்பாதவரை தாங்கும். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். எவ்வளவு திரும்பும் என்பது பெரும்பாலும் எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. பயிற்சியால் கொஞ்சம்தான் கூடும். பாதம் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நின்றால்தான் பாலே என்று நினைத்து, தரையில் பாதத்தை ஒட்டவைத்து முழங்காலைத் திருகினால் வலி வரும். நான் முதல் வருடம் இதைச் செய்து ஆறு வாரம் படி இறங்கக் கஷ்டப்பட்டேன். சோதனை எளிது: பிளியேவில் இறங்கும்போது முழங்கால் பாதவிரல்களுக்கு நேர்மேலே இருக்கிறதா என்று குனியாமல் கண்ணாடியில் பாருங்கள். உள்பக்கம் சாய்ந்தால் பாதத்தைக் குறுக்குங்கள். தொண்ணூறு டிகிரிதான் வருகிறதா, அதுவே போதும். மூட்டு மாற்று, வட்டு விலகல், எலும்பு மெலிவு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

விரல்நுனியில் நிற்பது எப்போது?

அவசரம் வேண்டாம். அதற்கான பாயின்ட் ஷூவுக்குள் இரும்பெல்லாம் இல்லை. துணியும் தாளும் பசையும் அடுக்கி இறுக்கின பெட்டி. தாங்க வேண்டியது உங்கள் கணுக்காலும் பாதமும் வயிறும்தான். வாரம் இரண்டு வகுப்பு என்று குறைந்தது இரண்டு வருடமாவது போன பிறகு, ஆசிரியை காலைப் பார்த்து சரி என்றால் முயலலாம். சொல்லாமல் இணையத்தில் வாங்கி வீட்டுக் கூடத்தில் ஏறி நிற்காதீர்கள். நான் நாலாம் வருடம் தொடங்கினேன். கட்டையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. வாழ்நாள் முழுக்க மென்மையான ஷூவிலேயே ஆடினாலும் பாலே பாலேதான்.

செலவு?

லண்டனில் ஒரு வகுப்புக்கு ஏறத்தாழ 10 முதல் 20 பவுண்ட். முதலில் மொத்த டெர்முக்கும் கட்டாமல், ஒவ்வொன்றாகக் காசு கொடுத்துப் போகக்கூடிய இடமாகத் தேடுங்கள். முதல் வகுப்புக்குச் சாக்ஸே போதும் என்பார்கள். பிறகு கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி. எலாஸ்டிக் தைக்காமல் வந்தால் நாமே தைக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த நூல்கண்டில் இரட்டை நூல் கோத்துத் தைத்தது, ஷூ கிழிந்தும் தையல் பிரியவில்லை.

ஃபிரெஞ்ச் தெரிய வேண்டுமா?

வேண்டாம். ராகத்தின் பெயர் மாதிரி, கேட்டுக் கேட்டுப் பழகிவிடும்.

வீட்டிலேயே வீடியோ பார்த்துக் கற்கலாமா?

பயிற்சிக்குச் சரி. கற்றுக்கொள்ள ஒரு ஜோடிக் கண் வேண்டும். இடுப்பு சாய்ந்தது எனக்கு மூன்று மாதம் தெரியவில்லை. ஆசிரியை ஒரு விரலை வைத்து நேராக்கினார்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு?

சென்னை, பெங்களூரு, மும்பை மாதிரி ஊர்களில் பெரியவர்களுக்கும் எடுக்கிறார்கள். மும்பையில் டாக்ஸி டிரைவரின் மகன் மனீஷ் சௌஹான், பிரேக் டான்ஸிலிருந்து தாமதமாகப் பாலேக்கு வந்து தொழில்முறைக் கலைஞரே ஆனார். அது ஆயிரத்தில் ஒருத்தர் கதை, அதைப் பார்த்துச் சேராதீர்கள். சேரும் முன், தரை எப்படி என்று பாருங்கள். சிமென்ட் மேல் நேரடியாக டைல்ஸ் ஒட்டின தரையில் தாவச் சொன்னால் தாவாதீர்கள். அடியில் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற மரத்தரை வேண்டும்.

எத்தனை நாளில் வரும்?

வாரம் ஒன்று என்றால், ஆறு மாதத்தில் கட்டைப் பயிற்சி பயமில்லாமல் வரும். ஒரு வருடத்தில் வரிசை ஞாபகம் நிற்கும். ஒற்றைச் சுற்று எனக்கு இரண்டரை வருடம் கழித்து வந்தது. அதுவும் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் இன்னும் பாதியில் நின்றுவிடுகிறது.

வீட்டில் இப்போது என்ன சொல்கிறார்கள்?

கணவர் வியாழக்கிழமைகளில் தோசை சுடப் பழகிவிட்டார். மாமியார் லியோடார்டை மடித்தே வைக்கிறார், ஆனால் பெயர் சொல்ல மாட்டார். "உன் கறுப்பு" என்பார்.

அம்மாதான் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறாள். முதலில் கேட்டபோது, "என்னட்டி இது, பேரன் பேத்தி எடுக்கப் போற வயசுல" என்றவள், ஊரில் எல்லோரிடமும் நான் யோகா படிப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறாள். போன மாதம் எதிர்வீட்டு அத்தை வீடியோ காலில் வந்து, முழங்கால் பிடிப்புக்கு ஏதாவது சின்ன ஆசனம் உண்டா என்று கேட்டார். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து, வலிக்காத அளவுக்கு மெதுவாக இறங்கி ஏறச் சொன்னேன். பெயர் மட்டும் சொல்லவில்லை.